கிட்னி டெஸ்ட் பேக்கேஜ்: சேலத்து லேப் ரிப்போர்ட்டில் இனம் கேட்கும் அந்த வரி

கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டின் அடியில், கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் இரண்டு வரிகள். 'இ-ஜி.எஃப்.ஆர்., கறுப்பினத்தவர் அல்லாதோர்: 52.' அதற்குக் கீழே, 'இ-ஜி.எஃப்.ஆர்., ஆப்பிரிக்க அமெரிக்கர்: 60.' கிரியேட்டினின் 1.2 என்று வந்த, 52 வயதான ஒரு பெண்ணுக்குப் பழைய சூத்திரத்தைப் போட்டால் மெஷின் இப்படித்தான் அச்சடிக்கும். சேலத்தில் ஒரு வீட்டில் இந்தத் தாளைப் பிரித்தால் கண் போவது பெரிய எண்ணின் மேல்தான். 'அறுபது இருந்தா பயமில்லை' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். 52 என்பது அவர்களுக்கான வரி, 60 அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத வரி என்று சொல்ல லேப் கவுண்டரில் ஆள் கிடையாது.

இங்கே மதிப்பிடுவது, சேலம் முழுக்க 'ஆர்.எஃப்.டி.', 'கிட்னி ப்ரொஃபைல்', 'ரீனல் பேக்கேஜ்' என்று பல பெயரில் விற்கும் சோதனையைத்தான். ஐந்து ரோடு, நான்கு ரோடு, செர்ரி ரோடு, சாரதா கல்லூரிச் சாலை என எங்கே போனாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: யூரியா, கிரியேட்டினின், யூரிக் ஆசிட், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சில இடங்களில் கால்சியமும் பாஸ்பரஸும். எந்த லேபின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. குறை பெயர்ப்பலகையில் இல்லை, மெஷினுக்குள் யார் எந்த சூத்திரத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அது ஒரே லேபின் இரண்டு கிளைகளுக்கிடையிலேயே மாறக்கூடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் கிரியேட்டினினை 'உப்பு' என்கிறோம். 'உப்பு ஏறிடுச்சு' என்றால் கிரியேட்டினின் கூடிவிட்டது என்று பொருள். இந்த உப்புக்கும் சாப்பாட்டு உப்புக்கும் தொடர்பில்லை. கிரியேட்டினின் நம் தசையிலிருந்து தினமும் உதிரும் கழிவு. ஆரோக்கியமான கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும். வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். ஆகவே ரத்தத்தில் உள்ள அளவு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கிட்னி எவ்வளவு வெளியேற்றுகிறது, தசை எவ்வளவு உற்பத்தி செய்கிறது. நமக்குத் தெரிய வேண்டியது முதலாவது. லேப் அளப்பது இரண்டும் கலந்த ஒன்றை. இந்தக் கலப்பைப் பிரிக்கத்தான் வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரம் போடுகிறார்கள். அதன் விடைதான் இ-ஜி.எஃப்.ஆர்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத் திரவம் வடிகட்டப்படுகிறது என்ற மதிப்பீடு. முன்னால் நிற்கும் 'இ' மதிப்பீடு என்பதைக் குறிக்கிறது. பலர் படிக்காமல் தாண்டிப் போகும் எழுத்து அதுதான்.

அந்தக் கணக்குக்குள் இனம் எப்படிப் புகுந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். 1976இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் வயது, எடை, கிரியேட்டினின் மட்டும்தான், பெண்ணென்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும். இனம் கிடையாது. 1999இல் அமெரிக்காவில், கிட்னி நோயில் உணவுக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த எம்.டி.ஆர்.டி. ஆய்விலிருந்து அடுத்த சூத்திரம் வந்தது. அதில் இருந்த 1,628 நோயாளிகளில் 197 பேர் கறுப்பினத்தவர். ஒரே கிரியேட்டினின் அளவில், அளந்து பார்த்த வடிகட்டல் அவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கறுப்பின மக்களுக்குத் தசை அதிகம் என்று காரணம் சொல்லி, ஒரு பெருக்கல் எண்ணைச் சூத்திரத்தில் சேர்த்தார்கள். உலகெங்கும் லேப்களில் புழங்கிய நான்கு கூறு (கிரியேட்டினின், வயது, பாலினம், இனம்) வடிவத்தில் அந்த எண் 1.212. பிறகு கிட்னி நோய்ப் பரவலை ஆராயும் கூட்டுக் குழு 2009இல் கொண்டுவந்த சி.கே.டி.-எபி சூத்திரம் பல வகையில் மேம்பட்டது என்றாலும், அதிலும் 1.159 என்ற இன எண் ஒட்டிக்கொண்டது. அதாவது அமெரிக்கப் படிவம் ஒன்றில் 'கறுப்பினம்' என்று டிக் அடித்தவருக்குக் கிட்னி 16 சதவீதம் நன்றாக வேலை செய்கிறது என்று கணினி எழுதிவிடும்.

இதன் விளைவு காகிதத்தோடு நின்றதில்லை. அமெரிக்காவில் கிட்னி மாற்று சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் நாட்கள் எண்ணத் தொடங்குவதற்கு இ-ஜி.எஃப்.ஆர். 20 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். உண்மையில் 18 வரும் ஒருவருக்கு 1.159ஆல் பெருக்கினால் 21 ஆகிவிடும். பட்டியலில் நாள் எண்ணப்படாது. அந்த இடைவெளியில் அவர் மாதக்கணக்கில் பின்தங்குவார். டயாலிசிஸ் எந்திரத்தோடு வாழ்வது என்னவென்று தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த 18, 21 வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் பல ஆண்டுகள் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2017இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்று அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. பிற மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. 2021 ஆகஸ்டில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பும் இனத் திருத்தத்தை எடுத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் இரண்டு பெரிய கிட்னி அமைப்புகள் சேர்ந்து அமைத்த குழு, இனம் இல்லாமலேயே புதிதாகக் கணக்கிட்ட 2021ஆம் ஆண்டு சி.கே.டி.-எபி சூத்திரத்தை எல்லா லேப்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 2022இல் அங்கே உறுப்பு மாற்றுப் பட்டியலில் இனம் கலந்த கணக்கு தடைசெய்யப்பட்டது. 2023 ஜனவரியிலிருந்து, அந்தப் பெருக்கலால் நாட்களை இழந்த கறுப்பின நோயாளிகளுக்குக் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரவும் வழி செய்தார்கள்.

ஆகவே 2025ஐயும் தாண்டி நம் ஊர் லேப் ஒன்று 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்று ஒரு வரி அச்சடித்தால், அந்த மெஷினின் மென்பொருளை வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த வரி பிறந்த நாட்டிலேயே அதை அழித்துவிட்டார்கள். சேலத்தில் அது எக்காலத்திலும் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. இதைச் சின்ன அச்சுப்பிழையாக விட முடியாது, நோயாளி தவறான எண்ணைப் பிடித்துக்கொள்ள அதுவே வாசல் திறந்துவிடுகிறது.

சரி, புது சூத்திரம் போட்ட லேபில் பிரச்சினை தீர்ந்ததா? அதே 52 வயதுப் பெண்ணுக்கு, அதே 1.2க்கு, 2021 சூத்திரம் தரும் விடை 54. 2009ஆம் ஆண்டின் பழைய கணக்கில் நமக்கான எண் 52. இரண்டு புள்ளி ஏறியிருக்கிறது. இது தற்செயல் இல்லை. இனத்தை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே கோட்டில் வைத்ததால், கறுப்பின மக்களுக்கு உண்மையைவிட 3.6 புள்ளி குறைத்தும், மற்றவர்களுக்கு 3.9 புள்ளி கூட்டியும் காட்டுகிறது என்று அந்தச் சூத்திரத்தை உருவாக்கியவர்களே 2021 ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அநியாயத்தை நீக்க இந்தச் சிறு பிழையைப் பங்கிட்டுக்கொள்வது சரியான முடிவுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் 'மற்றவர்கள்' என்ற அந்தப் பெட்டியில் நாமும் இருக்கிறோம். நமக்கு ஏற்கெனவே வேறொரு சிக்கல் உண்டு.

சராசரி இந்திய உடம்பில் தசை குறைவு. இறைச்சி உண்பதும் குறைவு, பலர் அறவே உண்பதில்லை. தசை குறைந்தால் கிரியேட்டினின் உற்பத்தி குறையும், கிட்னி நலிந்திருந்தாலும் ரத்தத்தில் அளவு 'நார்மல்' பக்கமே நிற்கும். அமெரிக்க, ஐரோப்பிய உடம்புகளை வைத்து எழுதிய சூத்திரம் அதைப் பார்த்துக் கிட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் மருத்துவர்கள், வடிகட்டலை நேரடியாக அளந்து ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதுதான்: இப்போதுள்ள கிரியேட்டினின் சூத்திரங்கள் இந்தியர்களுக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டுகின்றன.

'அப்படியானால் இந்தியர்களுக்கென்று தனிப் பெருக்கல் எண் போடலாமே' என்று தோன்றும். அந்த வழியிலும் பலர் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எம்.டி.ஆர்.டி. சூத்திரத்துக்கு ஜப்பானில் 0.808 என்று போட்டார்கள், சீனாவில் 1.233 என்று போட்டார்கள். பக்கத்துப் பக்கத்து நாடு, ஒன்று கீழே இழுக்கிறது, மற்றது மேலே தள்ளுகிறது. இனம்தான் காரணம் என்றால் இப்படி எதிரெதிராக வருமா? ஆய்வுக்கு எப்படிப்பட்ட நோயாளிகளைச் சேர்த்தார்கள், லேபில் கிரியேட்டினினை எந்த முறையில் அளந்தார்கள், வடிகட்டலை எதைக்கொண்டு சரிபார்த்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை உருவாக்கின. கராச்சியில் செய்து 2014இல் வெளியான ஆய்வு, 2009 சூத்திரத்தின் விடையை 1.059 அடுக்குக்கு உயர்த்தி 0.686ஆல் பெருக்கச் சொல்கிறது. நம் 52 வயதுப் பெண்ணின் 52க்கு அதைப் போட்டால் 45 வரும்.

ஒரே குழாய் ரத்தம். கராச்சிக் கணக்கில் 45, பழைய கணக்கில் 52, புதிய கணக்கில் 54, இனப் பெருக்கலோடு 60. இதில் 45 என்பது, கிட்னி நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே உள்ள கோடு. 60 என்பது இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவே உள்ள கோடு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு 45இல் அளவை மறுபரிசீலனை செய்வார்கள், 30க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். ஆகவே எந்தச் சூத்திரம் என்ற கேள்வி மாத்திரைப் பட்டை வரைக்கும் வந்து நிற்கிறது. நான் சொல்வது, வீட்டிலேயே கராச்சிக் கணக்கைப் போட்டுக்கொண்டு பயப்படுங்கள் என்பதல்ல. எந்த நாட்டு எண்ணையும், எந்த இனத்து எண்ணையும் பெருக்கி இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர முடியாது. சேலத்து ஜிம்மில் கிரியேட்டின் பவுடர் கலந்து குடித்து எடை தூக்கும் 25 வயது இளைஞரும், ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் 42 கிலோ எடையுள்ள பெண்ணும் படிவத்தில் ஒரே 'இந்தியர்'தான். முன்னவருக்குக் கிட்னி நன்றாக இருந்தும் கிரியேட்டினின் ஏறி நிற்கும். பின்னவருக்குக் கிட்னி பாதி போயும் 1.0க்குக் கீழே இருக்கக்கூடும். பார்க்க வேண்டியது இந்த ஆளின் தசையை, இந்த ஆளின் சாப்பாட்டை.

அந்தத் தோட்டத் தொழிலாளியையே இன்னும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ரிப்போர்ட்டில் இன்னொரு மறைந்த கணக்கு அவரைத்தான் பாதிக்கும். இ-ஜி.எஃப்.ஆர். எண்ணுக்குப் பக்கத்தில் '1.73 சதுர மீட்டருக்கு' என்று பொடி எழுத்தில் இருக்கும். எல்லோருடைய உடம்புப் பரப்பும் 1.73 என்று வைத்துக்கொண்டு சொல்லும் விடை அது. 150 செ.மீ. உயரம், 42 கிலோ எடை என்றால் பரப்பு சுமார் 1.32 தான். அவருக்கும் 52 வயது, கிரியேட்டினின் 1.2 என்று வைத்துக்கொண்டால், ரிப்போர்ட் 54 என்று சொன்னாலும் அவர் உடம்பில் நிமிடத்துக்கு வடிவது 41 மி.லி. அளவுதான். எடையைச் சேர்த்துக் கணக்கிடும் பழைய காக்கிராஃப்ட்-கால்ட் அவருக்கு 36 என்கிறது. நோயின் நிலையைச் சொல்ல 54ஐ வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிட்னி வழியாக வெளியேறும் மருந்துகளின் அளவை முடிவு செய்யும்போது உடம்பின் அளவுக்குத் திருத்திய எண்தான் வேண்டும். மெலிந்தவர்கள் டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டும்போது எடையையும் உயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேக்கேஜில் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் கவுண்டரிலேயே இதைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் பெயர், வயது, பாலினம் தவிர எதையும் கேட்பதில்லை.

இனி ரத்தம் எடுப்பதிலிருந்து அச்சாகும் வரை. நகரத்து லேப்களில் இந்தப் பகுதி பொதுவாக நன்றாகவே நடக்கிறது. ஊசி, ஜெல் போட்ட மஞ்சள் மூடிக் குழாய், பார்கோடு எல்லாம் முறையாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும். கிரியேட்டினின் மட்டும் தனியாகப் பார்ப்பதென்றால் செலவு நூறு, இருநூறு ரூபாய் அளவில் முடியும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமலே பார்க்கலாம். காலையில் வெறும் வயிறு அவசியம் என்று கவுண்டரில் சொல்வார்கள். கிரியேட்டினினுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. முதல் நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை. வெந்த இறைச்சியில் உள்ள கிரியேட்டினில் ஒரு பகுதி, சமைக்கும் சூட்டிலேயே கிரியேட்டினினாக மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பும் வறுவலுமாகச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை ரத்தம் கொடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும். முந்தின நாள் இறைச்சியைத் தவிருங்கள், கடும் உடற்பயிற்சியையும் தவிருங்கள், தண்ணீர் வழக்கம்போல் குடியுங்கள்.

ஏற்காட்டில் கொடுக்கும் ரத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் ரத்தம் எடுத்துக் கீழே சேலத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்போது, குழாய் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருகிறது. ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சீரம் தனியாகப் பிரிந்த பிறகு அனுப்பினால் கவலையில்லை. கிரியேட்டினின் அப்படி எளிதில் கெடாது. சுற்றாமல் அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பினால் முதலில் கெடுவது பொட்டாசியம். குலுக்கலில் சிவப்பணு உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் அணுச்சவ்வின் பம்ப் வேலை செய்யாமல் நின்று, உடையாமலேயே கசியும். மலைக் குளிரும் அதையேதான் செய்யும். கிட்னி நோயாளியின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.2 என்று வந்தால் வீடே பதறிப்போய் ராத்திரியில் மலையிறங்கும். ஆகவே ஏற்காட்டில் ரத்தம் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இங்கேயே சுத்திப் பிரிச்சு அனுப்புவீங்களா?' இரண்டு மணி நேரத்துக்குள் பிரிப்பதாக இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் கீழே வந்து கொடுப்பது நல்லது.

அடுத்தது அளக்கும் முறை. கிரியேட்டினினை அளக்க இரண்டு வழி. 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்த பிக்ரேட் வினையை அடிப்படையாகக் கொண்டது மலிவு, இன்றும் பல லேப்களில் அதுதான். ஆரஞ்சு நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால் புரதம், சர்க்கரை, கீட்டோன், சில செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகள் ஆகியவையும் அதே நிறத்தைத் தரும். மஞ்சள் காமாலை இருந்தால் எண் குறைந்து வரும். புரதம் கூட்டிக் காட்டுவதைச் சரிக்கட்ட ஒரு நிலையான அளவை மெஷின் கழித்துவிடும், ஆனால் புரதம் குறைந்த நோயாளிக்கு அது தேவைக்கு மேல் கழித்துவிடும். இரண்டாவது என்சைம் முறை. விலை கூடுதல், தொந்தரவு குறைவு. எதுவானாலும், கிரியேட்டினின் அளவுக்கான சர்வதேச ஒப்பீட்டு முறையான 'ஐ.டி.எம்.எஸ்.' தரத்தோடு பொருந்திய அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 2009, 2021 சூத்திரங்களைப் போடுவதற்கே அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே 'யாஃபே' என்றோ 'என்சைமேட்டிக்' என்றோ பொடியாகப் போட்டிருப்பார்கள். போடாத லேபில் கேளுங்கள். லேப்களுக்கான தேசியத் தரச் சான்றான என்.ஏ.பி.எல். இருக்கிறதென்றால் அதன் பட்டியலில் கிரியேட்டினின் இருக்கிறதா என்றும், வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். நல்ல லேபுக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பெருமையாகவே பதில் சொல்வார்.

இன்னொரு குறை சின்னதாகத் தெரியும், ஆனால் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: கிரியேட்டினினை ஒரே ஒரு தசமத்தோடு அச்சடிப்பது. 1.2 என்றால் உண்மையில் 1.15ஆகவும் இருக்கலாம், 1.24ஆகவும் இருக்கலாம். நம் 52 வயதுப் பெண்ணுக்கு 2021 சூத்திரத்தில் முன்னது 57, பின்னது 52. சூத்திரத்தை மாற்றியதால் வந்த வித்தியாசம் இரண்டு, தசமத்தை வெட்டியதால் வருவது ஐந்து. மெஷின் இரண்டு தசமம் தந்தும் ரிப்போர்ட் அமைப்பில் ஒன்றாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஒருவர் ஐந்து நிமிடம் கணினி முன் உட்கார்ந்தால் போதும்.

பேக்கேஜில் இருப்பதைச் சொல்லியாயிற்று. இல்லாததில் பெரியது, சிறுநீர் ஆல்புமின். கிட்னியின் வடிகட்டி ஓட்டையாகிறது என்பதை ரத்தத்துக்கு முன்னால் சிறுநீர்தான் சொல்லும். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் போனாலே எச்சரிக்கை, 300க்கு மேல் போனால் கடுமை. ஜி.எஃப்.ஆர். 90 இருந்தாலும் ஆல்புமின் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போனால் அது கிட்னி நோய்தான். சர்க்கரையும் பிரஷரும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், எட்டு வகை ரத்தச் சோதனையை அடுக்கிவிட்டு இந்த ஒன்றை விட்டுவிடுவது சோற்றைப் போட்டுக் குழம்பை மறந்த பந்தி மாதிரி. யூரிக் ஆசிட்டையும் குளோரைடையும் எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் அதே விலையில் பத்து மடங்கு பயனுள்ள பேக்கேஜ் ஆகும். தனியாகக் கேட்டால் பெரும்பாலான லேப்களில் செய்வார்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் வேண்டாம், பொய்யாக ஏறிக் காட்டும்.

இனம், தசை, சாப்பாடு என்ற இந்தக் குழப்பத்திலிருந்து உண்மையில் வெளியே வர ஒரு சோதனை இருக்கிறது: சிஸ்டேட்டின்-சி. கரு உள்ள எல்லா உயிரணுக்களும் சுரக்கும் சிறு புரதம் அது. தசை எவ்வளவு இருக்கிறது என்பதைக் கிரியேட்டினின் அளவுக்கு அது பொருட்படுத்தாது. ரெண்டையும் சேர்த்துப் போடும் 2021 சூத்திரத்திலும் இனம் கிடையாது. கறுப்பினத்தவர், மற்றவர் என்ற வேறுபாடே அதில் ஏறக்குறைய மறைந்துபோகிறது, அந்தக் கூட்டுச் சூத்திரத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. நம் உதாரணப் பெண்ணுக்குச் சிஸ்டேட்டின்-சி 1.6 வந்தால் கூட்டு விடை 46. கிரியேட்டினின் மட்டும் 54 என்று சொன்னது தசைக் குறைவால் வந்த ஏமாற்று என்று அப்போது தெரியும். 1.0க்கு அருகில் வந்தால் விடை மேலே ஏறும், பயந்தது வீண் என்றும் தெரியும். 2024 சர்வதேச வழிகாட்டுதலும் முக்கிய முடிவு எடுக்கும் இடங்களில் இந்தக் கூட்டுக் கணக்கைத்தான் பரிந்துரைக்கிறது.

ஆனால் அதன் விலை கிரியேட்டினினைப் போலப் பல மடங்கு. உள்ளூரில் செய்யாத லேப்கள் வெளியூருக்கு அனுப்புவதால் ரிப்போர்ட்டுக்கு ஓரிரு நாள் கூடும். தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், உடற்பருமன், உடம்பில் அழற்சி ஆகியவை அதையும் ஆட்டும், ஆகவே எல்லோருக்கும் வேண்டியதில்லை. மிக மெலிந்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், கை அல்லது கால் இழந்தவர்கள், தசை பெருத்தவர்கள், 45 முதல் 59 வரை எண் வந்து சிறுநீர் சுத்தமாக இருப்பவர்கள், கிட்னி தானம் தர முன்வருபவர்கள் ஆகியோர் டாக்டரிடம் கேட்டு ஒருமுறை பார்க்கலாம். அதற்கான செலவு, தவறான எண்ணோடு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

எந்தச் சூத்திரமும் வேலை செய்யாத சூழலும் உண்டு. கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறி இறங்கும்போது இ-ஜி.எஃப்.ஆர். எண்ணுக்குப் பொருளே இல்லை. வாந்திபேதி, டெங்கு காய்ச்சல், வெள்ளி உருக்கும் பட்டறையிலோ வெயிலில் கல் உடைக்கும் இடத்திலோ தண்ணீர் வற்றிப்போன உடம்பு, இரண்டு நாள் தொடர்ந்து போட்ட வலி ஊசி, இவற்றுக்குப் பிறகு எடுத்த ரத்தத்தை வைத்து 'நிலை நான்கு' என்று அச்சடித்துத் தருவது அநியாயம். டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த மாத்திரையும் கிட்னிக்குக் கேடு செய்யாமலேயே கிரியேட்டினினை உயர்த்திக் காட்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தாது. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு: உயரத்தை செ.மீ.யில் எடுத்து 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பத்து வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான இ-ஜி.எஃப்.ஆர். வரி அச்சாகி வந்தால் அதை அப்படியே அடித்துவிடுங்கள்.

மொத்தத்தில் மதிப்பு சொல்வதென்றால்: ரத்தம் எடுப்பதற்கும் வேகத்துக்கும் விலைக்கும் சேலத்து லேப்களுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். கிரியேட்டினின் அளவை நம்பலாம், இரண்டு தசமம் போட்டால் இன்னும் நம்பலாம். இ-ஜி.எஃப்.ஆர். வரிக்குப் பாதி மதிப்பெண்தான். பக்கத்தில் 'சி.கே.டி.-எபி 2021' என்று சூத்திரத்தின் பெயரும் ஆண்டும் இருந்தால் அந்த லேபுக்கு மறுபடி போகலாம். வெறும் 'இ-ஜி.எஃப்.ஆர்.' என்று மட்டும் இருந்தால் கவுண்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள். 'எம்.டி.ஆர்.டி.' என்று இருந்தால் 60க்கு மேல் வரும் எண்களைப் பொருட்படுத்த வேண்டாம், அந்த எல்லைக்கு மேல் அது துல்லியமானதல்ல. இன வரி இருந்தால் அதைப் பேனாவால் அடித்துவிட்டு டாக்டரிடம் நீட்டுங்கள், லேப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். நிறையப் பேர் சொன்னால்தான் அந்த மென்பொருளை யாராவது திறப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது அதே லேபுக்கே போங்கள், அதே முறையில், அதே சூத்திரத்தில் பாருங்கள். முதல் தடவை 60க்குக் கீழே வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து, சிறுநீர் ஆல்புமினோடு சேர்த்து மறுபடி எடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே உறையில் போட்டு வைத்து, மேலே எடை, உயரம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் ஆகியவற்றை எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.